'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பு

தங்கச்சி, உடம்பைக் கவனிக்கணும் என்று நினைத்ததும் நாம் முதலில் போடுவது ஒரு பெரிய பட்டியல். காலை 5 மணிக்கு யோகா, வெந்தயத் தண்ணீர், முகத்துக்கு சீரம், ராத்திரி டைரி. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில், ஊரிலிருந்து விருந்தாளி வரும் வாரத்தில், எல்லாம் ஒன்றாக நின்றுபோகும். உடனே "எனக்குச் சோம்பேறித்தனம்" என்று உன்னையே திட்டிக்கொள்வாய். திட்டாதே. நாலைந்து பழக்கத்தை ஒரே நாளில் ஆரம்பித்தால் யாருக்கும் நிலைக்காது.

ஒன்றே ஒன்றை எடு. எது விட்டுப்போனால் உன் உடம்பு நிஜமாகவே கஷ்டப்படுகிறதோ, அது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியமே அசதி தள்ளுகிறது என்றால் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார். டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பாதி அட்டையோடு ஃப்ரிட்ஜ் மேலே கிடந்தால், உன் முதல் பழக்கம் அதுதான். மற்றது பிறகு.

அதை மணியோடு சேர்க்காதே, ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லியிருந்தால், அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு டிபன் பாக்ஸ் மூடியிலேயே மாட்டிவிடு. சாப்பிட்டு டப்பாவை மூடும்போது மாத்திரை கையில் தட்டுப்படும். அந்த வேளை தயிர், மோர் வேண்டாம். ரசத்தோடு முடித்து ஒரு நெல்லிக்காயைக் கடி. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து போகக் கூடாது. டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. மலம் கறுத்துப் போவது சகஜம், பயப்படாதே. வயிற்றைப் புரட்டினால் நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல். அளவையோ வேளையையோ மாற்றித் தருவார்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய கணக்கு அது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்று அவர் கவனித்திருந்தார். நடைக்கும் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள்வரை பிடிக்கும், நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தவறினால் சனிக்கிழமை தொடர். அடுத்த மாசம் ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்காதே.

யாரும் நினைவூட்டாமலே மாத்திரையைப் போட ஆரம்பித்த பிறகு நடையைச் சேர்த்துக்கொள். வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமான நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இருபத்திரண்டு நிமிஷம் போதும். முடியாத நாளுக்கும் ஒரு அளவு வைத்துக்கொள்: செருப்பைப் போட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பு. மழையா, மொட்டைமாடிப் படியை இரண்டு முறை ஏறி இறங்கு.

நடையைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் குரல்தான். செருப்பில் கால் வைக்கும்போதுதான் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?", "ஏம்மா, டீ ஆச்சா?" எல்லாம் வரும். "கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டால், அதற்கு ஒரு பதில் வரும்; நீயும் உட்கார்ந்துவிடுவாய். கேட்காதே. "ஆறரைக்கு நடக்கப் போறேன், ஏழுக்கு வந்துடுவேன்" என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடு. மாமியாரிடம், "அத்தை, பால் காய்ச்சி வெச்சிருக்கேன், போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பு. முதல் சில நாள் முகம் சுருங்கும். அதைப் பார்த்து நின்றுவிடாதே. உன் நேரம் எது என்று தெரிந்துவிட்டால் வீடு அதைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொள்ளும். பத்து வயசுப் பிள்ளைக்குத் தன் சாக்ஸைத் தேடிக்கொள்ளத் தெரியும்.

முகம், முடி, பாதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் போகிறவள் என்றால் சன்ஸ்க்ரீன் போடு. பித்தவெடிப்புக்கு ராத்திரி கால் கழுவித் துடைத்து, ஈரம் காயும் முன் வாஸ்லின் தடவி சாக்ஸ் போட்டுக்கொள். விலை கூடிய டப்பா எதுவும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லணும். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அதை நடையாலும் எண்ணெய்க் குளியலாலும் சமாளிக்கப் பார்க்காதே. டாக்டரிடம் போ. போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடு: 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்து வை.