இறையறிவும் மேனாட்டுக் கிறித்துவ ஆராய்ச்சியும்

இறைவனை உயிர் எதனால் அறிகின்றது என்பது சமய நூல்கட்கெல்லாம் தலையாய வினாவாகும். இவ்வினா மேனாட்டுக் கிறித்துவ அறிஞரிடை வளர்ந்த முறையைச் சித்தாந்த மாணாக்கர் அறிதல் நலம்.

செருமானியப் பேரறிஞர் காண்ட் என்பார் 1781-இல் வெளியிட்ட நூலில், மக்களறிவு பொறிவழிப்பட்ட பொருள்களையே பற்றவல்லது என்றும், கடவுளுண்மையை அனுமானத்தால் நாட்டும் பழைய வாதங்கள் நிலைபெறா என்றும் காட்டினார். ஒழுக்கத்தின் பொருட்டுக் கடவுளுண்மையைக் கொள்ளல் வேண்டுமென 1788-இல் வெளிவந்த பிறிதொரு நூலில் உடன்பட்டார்.

அறிவின் வாயில் அடைபடவே, ஷ்லையர்மாக்கர் உணர்வின் வாயிலை நாடினார். உயிர் தான் முற்றுஞ் சார்ந்திருக்குந் தன்மையை உணர்தலே கடவுளுணர்வு என்பது 1821, 1822-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பெருநூலின் துணிபு. அவ்வுணர்வு மனிதனதாயின், அதிற் றோன்றுங் கடவுளும் மனிதன் தன்னியல்பையே புறத்தே வைத்துக் கண்ட நிழலன்றோ என்று 1841-இல் பாயர்பாக் தடை நிகழ்த்தினார்.

இத்தடையின் வன்மை போர்க்காலத்திற் புலனாயிற்று. 1914 அக்டோபரில் செருமானிய அறிஞர் 93 பேர் தம் நாட்டுப் போர்ச்செயலை ஆதரித்துக் கைச்சாத்திட்டனர். அவருள் தம் ஆசிரியர்களாகிய ஹார்நாக், ஹெர்மன் என்போரும் இருக்கக் கண்டு, சுவிட்சர்லாந்திற் சாபன்வில் என்னுஞ் சிற்றூரிற் குருவாயிருந்த கார்ல் பார்த் உளம் நொந்தார். 1919-இல் உரோமர் நிருபத்திற்கு உரை வெளியிட்டார். அதனை முற்றும் மாற்றியெழுதி 1922-இல் மீண்டும் வெளியிட்டார். கடவுள் தாமே அறிவித்தாலன்றி மனிதன் அவரை அறிதல் கூடாதென்பது அவர் கொள்கை.

பாசஞான பசுஞானங்களால் அறியப்படாத பதி, பதிஞானத்தாலேயே அறியப்படுமெனச் சிவஞானபோதத்தின் ஒன்பதாஞ் சூத்திரம் உணர்த்துதலை அன்பர் அறிவர். பொறிவழியறிவின் எல்லையைக் காண்டும், உயிரின் தன்னுணர்வை மட்டும் பற்றி நிற்றலின் குறையைப் பாயர்பாக்கும் காட்டியமை இதனோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. எனினும் முழுதும் ஒன்றெனல் பொருந்தாது. கிறிஸ்துவின்கண் நிகழ்ந்த வெளிப்பாடு ஒன்றையே பார்த் கொண்டார். அதனை ஏற்றற்குரிய பற்றுக்கோடு மனிதனியல்பில் உண்டென்ற புருன்னரை 1934-இல் மறுத்தார். சித்தாந்திகளோ, திருவருள் அநாதியே உயிரோடு உடனாய் நின்று, மலபரிபாகம் நோக்கி விளங்குமென்பர். ஆதலின் சொல்லொப்புமை கண்டு பொருளும் ஒன்றென மயங்கற்க.

பாயர்பாக்கின் தடை பிறர்க்கு மாத்திரம் உரியதன்று. தன் விருப்பத்தைத் திருவருளென மாறிக்கொள்ளும் பிழை எச்சமயத்தார்க்கும் நேர்வதே. தற்போதம் சிறிதும் எஞ்சாவழியே அருளுணர்வு தூயதாமென்னும் நம் ஆசிரியர் கோட்பாட்டின் அருமை, இவ்வரலாற்றால் இனிது விளங்கும் என்க.