முன்மொழிந்தவர் எங்கே போனார்?

எது எப்படி வந்தது? – கேள்வி-பதில் பகுதி

கேள்வி: தேர்தல் வந்தால் நிற்பது, நின்றால் தோற்பது என்ற வழக்கத்தை நம் நாட்டில் தொடங்கி வைத்தவர் மேட்டூர் பத்மராஜன்தானே? (ஒரு வாசகர், ஓமலூர்)

பதில்: பக்கத்து ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டத்துக்கு மூத்த பங்காளி ஒருவர் இருக்கிறார். பத்மராஜன் களம் இறங்கியது 1988-ல். அதற்கு 36 வருஷம் முன்பே, 1952-ல், நாட்டின் முதல் ஜனாதிபதித் தேர்தலிலேயே ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்றவர் சவுத்ரி ஹரி ராம். ராஜேந்திர பிரசாத் வாங்கியது 5,07,400. ஹரி ராம் வாங்கியது 1,954. வேறு யாராவது என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். இவர் 1957-ல் மறுபடி வந்தார், 2,672. 1962-ல் ராதாகிருஷ்ணனை எதிர்த்து மறுபடி, 6,341. ஏறுமுகம் என்றால் இதுதான் ஏறுமுகம். (இவை தலைக்கணக்கு அல்ல, எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மதிப்புக் கணக்கு. அதை விளக்கத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.) 1967-ல் நாலாவது முறையும் நின்றார். கிடைத்தது பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைச் சும்மா விட எனக்கு மனசில்லை. 1967-ல் ஜாகிர் உசேன், சுப்பா ராவ் உள்பட 17 பேர் களத்தில் இருந்தார்கள். அதில் ஒன்பது பேருக்குப் பூஜ்யம். அன்றைய சட்டப்படி ஜனாதிபதி வேட்பாளரின் மனுவில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருமே அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை உள்ள எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். அப்படியென்றால், "இவரே ஜனாதிபதி ஆகத் தகுந்தவர்" என்று பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்ட மக்கள் பிரதிநிதிகள், ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் நின்றபோது வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். அல்லது வரவே இல்லை. அல்லது செல்லாத ஓட்டாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றில் எது நடந்திருந்தாலும் அவமானம் வேட்பாளருக்கு அல்ல.

வாக்காளர் மனநிலையை ஆராய்கிறார்கள், வேட்பாளரின் சொத்துக்கணக்கைத் தோண்டுகிறார்கள். முன்மொழிகிற மனிதரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? இந்த மௌனத்தைக் கண்டித்து நான் பல காலமாக எழுதி வருகிறேன். ஆசிரியர் வெட்டிவிடுவார். இந்த முறை தப்பிவிட்டது.

1967-ல் கண்ட மாதிரி வேட்பாளர் கூட்டத்தைக் குறைக்கத்தான் 1974-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், 2,500 ரூபாய் கட்ட வேண்டும். 1997-ல் அதை ஐம்பது, ஐம்பது, 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இரண்டு திருத்தத்துக்கும் நடுவே, 1992-ல், சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து உள்ளே நுழைந்துவிட்டவர் உத்தரப் பிரதேசத்தின் பரேலியைச் சேர்ந்த துணி வியாபாரி காக்கா ஜோகிந்தர் சிங். 'தர்த்தி பக்கட்' என்பது அவருடைய பட்டப்பெயர். மண்ணைப் பிடித்துக்கொண்டு விடாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300-க்கு மேற்பட்ட தேர்தல்களில் நின்றவர். அந்த ஜனாதிபதித் தேர்தலில் 1,135 வாங்கி நாலாவது இடத்தில் வந்தார். மூன்றாவது இடம் ராம் ஜெத்மலானிக்கு, 2,704. நாட்டின் பெரிய வக்கீலுக்கும் ஒரு துணிக்கடைக்காரருக்கும் நடுவே வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி உங்கள் பக்கத்து ஊர்க்காரர் பத்மராஜன். டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருப்பவர். நரசிம்ம ராவ், வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி என்று பிரதமர்களில் தொடங்கி, கருணாநிதி, ஜெயலலிதா என்று முதல்வர்கள்வரை எல்லோரையும் எதிர்த்து மனுப் போட்டவர். 2024-க்குள் கணக்கு 230-ஐத் தாண்டிவிட்டது. "பத்மராஜன் ஐந்து ஜனாதிபதிகளை எதிர்த்துப் போட்டியிட்டவர்" என்கிற மாதிரி வாக்கியங்களைப் படித்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். 1997-ல் கே.ஆர். நாராயணனை எதிர்த்துக் கடைசிவரை நின்றவர் டி.என். சேஷன் ஒருவரே. 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்து லட்சுமி சேகல் ஒருவரே. 2007-ல் பிரதீபா பாட்டீலை எதிர்த்து ஷெகாவத் ஒருவரே. ஓட்டுச்சீட்டில் மூன்றாவது பெயரே கிடையாது. மனுப் போட்டது உண்மை; பரிசீலனை மேஜையில் அது செத்ததும் உண்மை. ஐம்பது எம்.எல்.ஏ.க்களை முன்மொழிய வைக்க டயர் கடைக்காரரால் எப்படி முடியும்? ஆகவே அவருடைய 230-ல் பாதிவழியில் நின்றுபோன பயணங்களும் சேர்த்தி. இதனால் அவர் பெருமை குறையவில்லை. தோற்பதற்குக்கூட அனுமதி கிடைக்காத தேர்தல்களிலும் நின்றவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவருடைய உச்சம் 2011 சட்டமன்றத் தேர்தலில், சொந்த மேட்டூரில்: 6,273 ஓட்டு. ஜெயித்தவர் 75,000-க்கு மேல் வாங்கினார். ஆனாலும் 6,273 பேர் வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு, தோற்பதையே கொள்கையாகச் சொல்கிற ஒருவருக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் கொஞ்சம் பயந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சேதி. பத்மராஜன் ஹோமியோபதி வைத்தியமும் பார்ப்பவர். ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் 1962 முதல் தேர்தலில் நின்றுகொண்டே இருந்த ஷ்யாம் பாபு சுபுதியும் ஹோமியோபதி டாக்டர். இது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. மருந்து நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு, ஓட்டு குறையக் குறைய உற்சாகம் கூடுவது இயற்கைதானே?

கேள்வி: அதே பத்மராஜனின் மீசையைப் பற்றி ஏதாவது? (அதே வாசகர், தபால் அட்டையின் ஓரத்தில்)

பதில்: மீசையைவிடச் சுவையானது சின்னம். மீன், மோதிரம், தொப்பி, டெலிபோன் என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டவருக்கு, 2024-ல் தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதியில் டயர் சின்னம் கிடைத்தது. டயர் கடைக்காரருக்கு டயர்! தேர்தல் ஆணையத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

கேள்வி: செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் காலி. பழைய ராஜாக்கள் விளைச்சலில் ஆறில் ஒன்று வரி வாங்கினார்களே, அதிலிருந்து வந்த கணக்குதானே இது? (ஒரு வாசகி, குளித்தலை)

பதில்: மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் சோழனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலில் கட்டுத்தொகையே கிடையாது, குலுக்கல்தான். டெபாசிட் லண்டன் சரக்கு. 1918-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 150 பவுன் கட்டச் சொன்னது. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் போச்சு. நம்முடைய 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை ஆறில் ஒன்று என்று இறுக்கியது. நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250.

சட்டத்தில் இருக்கிற ஒரு நுணுக்கம் பூத் ஏஜென்ட் பலருக்கே தெரியாது. ஆறில் ஒரு பங்கைச் சரியாக வாங்கினால் போதாது, அதைத் தாண்ட வேண்டும். செல்லத்தக்க ஓட்டு 6,000 என்றால் 1,000 வாங்கியவருக்குப் பணம் காலி. 1,001 வாங்கியவருக்குத் திரும்ப வரும். 'நோட்டா'வில் விழுந்தது இந்தக் கணக்கில் சேராது. சுயேச்சைகள் மட்டுமே டெபாசிட் இழப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை தினகரன் 89,013 ஓட்டு வாங்கி ஜெயித்தார். டெபாசிட் போனது தி.மு.க. வேட்பாளருக்கு.

கட்டுத்தொகையை உயர்த்தியதே பத்மராஜன் வகையறாவின் தொல்லை தாங்காமல்தான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாவம், பழி அவர்கள்மேல். ஆளுக்கு ஒரு மனுப் போட்டு எந்த அரசாங்கத்தையும் ஆட்ட முடியாது. ஆட்டியவர்கள் விவசாயிகள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில், எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாகப் போய் மனுப் போட்டார்கள். ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஓட்டுச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக அச்சாயிற்று. அந்தப் புத்தகத்தைப் புரட்டி, தனக்கு வேண்டிய பெயரைத் தேடி, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த கிழவருக்கு வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் இங்கே எழுத முடியாது. கடைசியில் ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அதே வருஷம் நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர் நாடாளுமன்றத்துக்கு நின்றார்கள். நாடு முழுக்க 13,952 பேர். டெல்லி விழித்துக்கொண்டது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு 500 ரூபாய் 10,000 ஆயிற்று. 1998 தேர்தலில் எண்ணிக்கை 4,750-க்கு விழுந்தது. இப்போது நாடாளுமன்றத்துக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி.

மொடக்குறிச்சியில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. கவனிக்க: அன்றைய சட்டப்படி ஒவ்வொரு மனுவையும் அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்திருக்க வேண்டும்! மறுபடியும் அதே ஆசாமி, மறுபடியும் அதே கைவரிசை. திருத்தத்துக்குப் பிறகு சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்றார்கள். கைவிடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கியதைத் தவிர இதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். பில் போக்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, சாலைப் பாதுகாப்பை முக்கியக் கொள்கையாக வைத்துத் திரும்பத் திரும்ப நின்றவர். 1951-ல் பிரதமர் அட்லியை எதிர்க்கக் கிளம்பி, வால்தம்ஸ்டோ மேற்குக்குப் பதிலாக வால்தம்ஸ்டோ கிழக்கில் மனுப் போட்டுவிட்டார். 1982-ல் கிளாஸ்கோவின் ஹில்ஹெட் இடைத்தேர்தலில் அவருக்கு விழுந்தது ஐந்து ஓட்டு. அங்கே வேட்புமனுவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். நம் ஊரோடு ஒப்பிட்டால் வெள்ளைக்காரன் நாணயஸ்தன்.

கேள்வி: இப்படித் தோற்கவே நிற்கிறவர்களால் நாட்டுக்கு ஒரு பைசாப் பிரயோசனம் உண்டா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: பைசாக் கணக்கென்றால் உண்டு. பறிபோகும் டெபாசிட் அரசாங்கக் கஜானாவுக்குத்தான் போகிறது. 2024-ல் நின்ற 8,360 பேரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்தத் தர்மத்தைச் செய்தார்கள்.

வேறு பிரயோசனமும் உண்டு. இங்கிலாந்தில் லார்ட் சட்ச் என்ற ராக் பாடகர் 1963-லிருந்து நின்று தோற்றுக்கொண்டே இருந்தார். 1990-ல் பூட்டில் இடைத்தேர்தலில் அவருக்கு 418 ஓட்டு. முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவனின் கட்சிக்கு 155. கோமாளி வேஷக்காரரிடம் தோற்ற கட்சி என்ற பெயரோடு எத்தனை நாள் கடை நடத்துவது? அடுத்த மாதமே கட்சியைக் கலைத்துவிட்டார்கள். ஜெயித்த வேட்பாளர்களில் எத்தனை பேர் ஒரு கட்சியை மூடியிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, என் மாமனார் அடுத்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கப் போவதாகச் சொல்கிறார். ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்று தோற்றவர். எப்படித் தடுப்பது? (பெயர் வேண்டாம், திருச்செங்கோடு)

பதில்: தோற்ற ருசி கண்டவரைத் தடுக்க முடியாது அம்மா. பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சென்ற ஊராட்சித் தேர்தலில் கட்டுத்தொகை 200 ரூபாய்தான். போஸ்டர் அடிக்கக் கிளம்பினால் மட்டும் பெட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். மற்றபடி, முன்மொழிய ஆள் தேடி அவர் தெருத் தெருவாக அலையும் முன், நீங்கள் அதே வார்டு வாக்காளர் என்றால், நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். குடும்பத்தில் நல்ல பேர் கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கையெழுத்துப் போட்டால், மறக்காமல் ஓட்டையும் போட்டுவிடுங்கள்.