பழைய மனைகளைக் காத்தலும் இல்லறத்தார் கடமையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. இவை உணவுக்கும் உடைமைக்கும் மட்டுமே உரியன என்று நாம் எண்ணிவிடுகிறோம். வீடு கட்டுதற்கும், கட்டிய வீட்டை இடித்தற்கும் இவை பொருந்தும். இவ்வுண்மையை அகமதாபாத் நகரின் பழைய குடியிருப்புகளைக் கொண்டு ஆராய்வோம்.

போள் என்னும் அமைப்பு

1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா நிறுவிய அந்நகரின் மதிலகத்தே ‘போள்’ எனப்படும் தெருக் குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நுழைவாயிலில் பெருங்கதவு, உள்ளே குறுகிய சந்து, இருமருங்கும் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். சுவேதாம்பர ஜைனர் மிகுதியாக வாழ்ந்த போள்களில் வீடுகளுக்கிடையே ஜினாலயமும் விளங்கும். பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே தூண்மேல் அமைத்த ‘சபூத்ரோ’வை இன்றும் காணலாம். நடுமுற்றம் ஒளியும் காற்றும் தரும். அதன்கீழ் உள்ள ‘டாங்கா’ என்னும் நிலவறைத் தொட்டி மழைநீரைச் சேமிக்கும். சுவர்கள் செங்கல்லோடு மரச்சட்டம் பிணைத்துக் கட்டப்பட்டவை. 2001 ஜனவரி 26-இல் நிலம் நடுங்கியபோது புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் பல வீழ்ந்தன. போள் வீடுகள் பலவும் அதிர்வைத் தாங்கி நின்றன.

நேர்ந்த இழப்பு

20-ஆம் நூற்றாண்டில் வசதி பெற்ற குடும்பங்கள் சபர்மதியின் மேல்கரைக்குக் குடிபெயர்ந்தன. பூட்டிய வீடுகள் சில கிடங்குகளாயின, சில இடிக்கப்பட்டன. 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலால் தொடங்கிய முதல் பஞ்சாலையைப் பின்பற்றி எழுந்த ஆலைகள் பல, 1980-களிலும் 1990-களிலும் மூடப்பட்டன. ஜைனப் பெருவணிகர் நிறுவியனவும் அவற்றுள் உண்டு.

ஆலயத் திருப்பணியில் நம் சமூகம் குறை வைத்ததில்லை. ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேடியின் தலைவராயிருந்த கஸ்தூர்பாய் லால்பாய் (1894–1980) ராணக்பூர், தில்வாரா ஆலயங்களைச் செம்மையுறப் புதுப்பிக்கச் செய்தார். ஆயினும் குடிகள் நீங்கிய தெருவில் ஆலயம் மட்டும் எஞ்சினால், நாள்தோறும் வழிபடுவார் யார்?

மேற்கொண்ட முயற்சி

அகமதாபாத் மாநகராட்சி 1996-இல் மரபுக் கட்டடங்களுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. 1997-இல் போள்களின் வழியே காலைநேர மரபு நடையைத் தொடங்கியது. மரபு வீட்டைப் பேணுவோர், தம் மனைமேல் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்துக் கட்டுவோர்க்கு விற்றுப் பொருள் பெறவும் வழி செய்யப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்திய நகரங்களுள் இச்சிறப்பை முதலிற் பெற்றது அதுவே.

நாம் கொள்ளத்தக்கவை

சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என இம்சை நால்வகைப்படும். வீடு கட்டுதல் ஆரம்ப இம்சையின்பாற்படும். இல்லறத்தார் அதனை முற்றும் விலக்க இயலாது, குறைக்க இயலும். ஒரு செங்கல்லுக்காக மண்ணை அகழ்கிறோம், நீரிற் பிசைகிறோம், தீயிற் சுடுகிறோம். நிலவுயிர், நீருயிர், தீயுயிர் முதலிய ஓரறிவுயிர்களும் மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் அதனால் துன்புறும். எனவே, பழுது பார்த்தால் போதுமான வீட்டை இடித்துப் புதிது கட்டுவது வேண்டாத இம்சை. தேவைக்கு மிஞ்சிய மாடிகளை எழுப்புவது மிகுபொருள் விரும்புதல்.

இடியும் நிலையிலுள்ள சுவரின்கீழ் அஞ்சி வாழ வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கழிப்பறையும் குழாயும் மின்விளக்கும் பழைய வீட்டிலும் அமைக்கத் தடையில்லை. காத்தல் என்பது வீட்டைக் காட்சிப்பொருளாக்குவதன்று, குடியிருக்கத் தக்கதாக்குவதே.

வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் ஜினாலயத்தைச் சூழ்ந்த நம் வீதிகளிலிருந்தும் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து வருகின்றன. முன்னோர் வீட்டை விற்கவோ இடிக்கவோ முற்படுமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம்: பழுது பார்த்தால் ஆகாதா? குடியிருக்க விரும்பும் அறவோர் எவரும் இலரா? பாடசாலையாகவோ யாத்திரிகர் விடுதியாகவோ பயன்படாதா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே கடப்பாரையைக் கையில் எடுப்போமாக.