பசுந்தேயிலைக் கணக்கை எக்செல்லில் எழுதுவோம்



கோத்தகிரி, குன்னூர், குந்தா, கூடலூர் பகுதிகளில் ஓரிரு ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இன்ட்கோசர்வின் கீழுள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுத்தாலும் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுத்தாலும், இலை இன்று போகிறது, பணம் பிறகு வருகிறது. ஆக, இதுவும் ஒரு கடன் கணக்குதான். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் (2:282). தொகை சிறியதானாலும் எழுத அலுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அது அறிவுறுத்துகிறது. ஆனால் நம் வீடுகளில் எடைச் சீட்டுகள் பெரும்பாலும் அலமாரியிலோ சட்டைப் பையிலோ கிடக்கின்றன.

இந்த மாதப் பாடத்தில், அந்தச் சீட்டுகளை எக்செல் விரிதாளில் ஏற்றிப் பயன்பெறும் முறையைப் பார்ப்போம். கணினி இல்லாதவர்கள் கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸை இலவசமாகப் பயன்படுத்தலாம். கல்லூரி செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசையில் தலைப்புகளை எழுதுங்கள்: ஏ – தேதி, பி – சீட்டு எண், சி – எடை, டி – கழிவு, ஈ – நிகர எடை, எஃப் – மழையா வெயிலா, ஜி – பறிப்புக் கூலி, எச் – உரம் முதலிய மற்றச் செலவு. இலை கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் எக்செல்லில் அன்றைய தேதி தானே விழும். எடைக் கட்டத்தில் 45 என்று மட்டும் எழுதுங்கள். ‘45 கிலோ’ என்று எழுதினால் கணினி அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது.

ஈ2 கட்டத்தில் =சி2-டி2 என்று கொடுங்கள். கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா நாளுக்கும் நிகர எடை வந்துவிடும். (கட்டத்தின் பெயரையும் கட்டளையையும் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.) மொத்த எடைக்கு ஈ33 கட்டத்தில் =சம்(ஈ2:ஈ32).

அடுத்து விலை. தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தேயிலைத்தூள் விற்ற சராசரி விலையை அடிப்படையாகக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. அந்த விலையை ஜே1 கட்டத்திலும், உங்கள் கைக்கு வந்த விலையை ஜே2 கட்டத்திலும் எழுதுங்கள். பிறகு =ஈ33*(ஜே1-ஜே2) என்று கொடுத்தால், அந்த மாதம் உங்களுக்கு எவ்வளவு குறைந்தது என்பது ரூபாயில் தெரியும். விலை மாறினால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் இருவரும் 1979இல் விசிகால்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்தார்கள். எக்செல் அதன் வழி வந்ததே.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாதத்தில் 640 கிலோ இலை, கழிவு 32 கிலோ, நிகரம் 608 கிலோ. கிலோ 18 ரூபாய் என்றால் வரவு 10,944 ரூபாய். கூலி 3,840, மற்றச் செலவு 2,500 போக மிச்சம் 4,604. கழிவாகப் போனது மட்டும் 576 ரூபாய். விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் 608 ரூபாய் போய்விடும். ஒரு நாள் சீட்டில் இரண்டு கிலோ பெரிதாகத் தெரியாது. மாதக் கடைசியில்தான் அதன் கனம் தெரியும்.

மழையில் நனைந்த இலையில் நீர் இருக்கும். அதற்குக் கழிவு பிடிப்பது நியாயமே. வெயில் நாளிலும் அதே அளவு பிடிக்கப்படுகிறதா? =சம்இஃப்(எஃப்2:எஃப்32,"வெயில்",டி2:டி32) என்ற கட்டளை வெயில் நாள் கழிவை மட்டும் கூட்டித் தரும். அது அதிகமாக இருந்தால், சண்டைக்குப் போகாமல், தாளை அச்செடுத்துக்கொண்டு தொழிற்சாலையில் காரணம் கேளுங்கள். முற்றிய இலை கலந்ததாகச் சொன்னால், பறிப்பை நாம் திருத்திக்கொள்ளலாம். வேறு காரணம் என்றால், தேதியும் சீட்டு எண்ணும் நம் கையில் இருக்கும். “எப்பவும் குறைச்சுத்தான் தர்றாங்க” என்ற பேச்சுக்குக் கிடைக்காத பதில், எண்ணுக்குக் கிடைக்கும்.

ஒரு மாதத்தை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை பலமாக இருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தாள் வைத்து, இந்த ஆண்டின் ஒரு மாதத்தை அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கவாத்து எடுப்பதா, உரத்துக்குக் கடன் வாங்குவதா என்று வீட்டில் பேசும்போது அந்தத் தாள் நடுவில் இருக்கட்டும். இலை பறிக்கும் நம் பெண்களும் அதைப் பார்த்துப் பேசட்டும். அவர்கள் உழைப்பின் கணக்குதான் அது.

சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். விரிதாள் கணக்கு, சீட்டுதான் சாட்சி. இந்த மாதச் சீட்டிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.