விண்வெளி விளையாட்டில் அறிவியல் உண்மை

மெக்சிகோவில் உருவாக்கப்பட்டு 2011-இல் வெளிவந்த ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் கணினி விளையாட்டு, விண்பயண விதிகளைப் பெரும்பாலும் பின்பற்றுவதாகும். உயரே செல்வதால் மட்டும் கலம் சுற்றுப்பாதையில் நிலைபெறாது. பக்கவாட்டு வேகமும் தேவை என்பதை மாணவர் இதில் தெளிவாக உணர்வர்.

ஆயினும், அளவுகள் வேறானவை. கெர்பின் என்னும் கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்; புவியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். எனவே, தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அங்கே வினாடிக்குச் சுமார் 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், புவியிலோ 7.8 கிலோமீட்டர் வேண்டும்.

மேலும், ஒரு நேரத்தில் ஒரே விண்பொருளின் ஈர்ப்பையே அவ்விளையாட்டு கணக்கிடுகிறது. ஆகவே, கதிரவன், புவி இரண்டின் ஈர்ப்பாலும் அமையும் எல்1 புள்ளி அதில் இல்லை. இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலம் 2024 ஜனவரி 6 முதல் அப்புள்ளியையே சுற்றி வருகிறது. இவ்வரம்புகளை ஆசிரியர் எடுத்துரைத்தால், விளையாட்டு நல்ல பயிற்சிக் கருவியாகும்.