சுவரில் எட்டுக்கால் பூச்சியா? காலைப் பாருங்கள்

மாரண்டஹள்ளி பக்கத்து வீடுகளில் இரவு விளக்கைப் போட்டதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி சுவரில் ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம். தட்டையான உடல், வலை கிடையாது, நண்டுபோல் பக்கவாட்டில் ஓட்டம் என்றால் அது வேட்டைச் சிலந்தி. வயிற்றடியில் வெள்ளை வட்டமாகச் சுமப்பது முட்டைப் பை. கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். விளக்குமாற்றால் அடிப்பது வீட்டுக்குத்தான் நஷ்டம்.

மூலையில் நூல் போன்ற கால்களோடு தொங்கி, தொட்டதும் உடலைக் குலுக்குவது ஒட்டடைச் சிலந்தி. கொசு தின்னும். தீங்கில்லை.

கவனம் தேவைப்படுவது மரப்பொந்தில் வாழும் பெரிய ரோமச் சிலந்தி. முன்கால்களின் அடிப்புறம் பெரும்பாலும் பளிச்சென்ற மஞ்சள். இவ்வகையில் ஒன்றைச் சேலம் மாவட்டக் காடையாம்பட்டியிலிருந்து 1899-இல் போகாக் என்ற ஆய்வாளர் விவரித்தார். கடித்தால் கடும் வலி, தசைப்பிடிப்பு வரும். பழைய விறகைக் கிளறும்போது கையுறை போடுங்கள்.

வீட்டுக்குள் வந்ததைக் கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் அட்டை செருகி வெளியே விடலாம். கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. தசை இழுத்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.