கிளையும் கூடலும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் நீர் எவ்வாற்று நீர் என்று வினவின், விடை கூறுதல் எளிதன்று. மேற்கே கடலை நோக்கிச் சென்ற பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அணையினாலும், மலையைக் குடைந்த சுரங்கத்தினாலும் கிழக்கே திரும்பி, இப்பள்ளத்தாக்கின் வழியே சென்று, தேனிக்கு அருகில் வைகையோடு கலக்கின்றது. கலந்த பின்னர் இன்ன துளி இன்ன மலையினது என்று எவரே பிரித்துரைப்பார்? ஆற்றுப் படத்தை விரித்தாலன்றிக் கிளையும் கூடலும் புலனாகா.

பலர் கூடி எழுதும் ஏட்டிற்கும் இத்தகைய படம் ஒன்று உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005-ஆம் ஆண்டில் லினக்ஸ் பணியின் பொருட்டு இயற்றிய 'கிட்' என்னும் கருவி, ஏட்டில் நேரும் மாற்றங்களைப் பதிவு பதிவாகச் சேமித்து வைக்கின்றது. நிரல் எழுதுவோர்க்கென எழுந்ததாயினும், தமிழ் மாணவராகிய நமக்கும் அது பயன்படும்.

மடை, மதகு, கண்மாய் முதலிய நீர்ப்பாசனச் சொற்களை நம் நண்பர் சிலர் தொகுக்கின்றனர் என்று கொள்வோம். ஒரு சாரார் கம்பத்திலும், மற்றொரு சாரார் போடியிலும் தனித்தனியே சேர்த்து, இறுதியில் இரண்டையும் இணைக்கின்றனர். அப்பொழுது கணினியின் எழுத்துத் திரையில் 'கிட் லாக்' என்னும் கட்டளையோடு கிராஃப், ஒன்லைன், ஆல் என்னும் மூன்று விருப்பங்களையும் சேர்த்து இடின், பின்வருமாறு ஒரு படம் தோன்றும். (பதிவுதோறும் முன்னிற்கும் அடையாளக் குறியை ஈண்டு விடுத்தோம்.)

*   இரு பட்டியலும் இணைந்தன
|\
| * போடிச் சொற்கள்
* | கம்பத்துச் சொற்கள்
|/
* முதற் பட்டியல்

இதனைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். ஊற்று அடியிலும், கூடல் முடியிலும் உள்ளன. உடுக்குறி ஒவ்வொன்றும் ஒரு பதிவு. நேர்கோடு தொடர்ச்சியையும், சாய்கோடுகள் பிரிவையும் கூடலையும் காட்டும். உச்சியிலுள்ள பதிவிற்குப் பெற்றோர் இருவர்.

நிற்க. போடி வரி கம்ப வரிக்கு மேல் நிற்பதால் போடியார் பிந்தி எழுதினர் என்று கருதலாமோ? கருதலாகாது. எப்பதிவும் தன் வழித்தோன்றலுக்கு மேல் நில்லாது என்பதே இப்படத்தின் நியதி. இரு கிளைகளுக்கிடையே முன்பின் அறிய வேண்டுவோர் பதிவின் தேதியையே நோக்க வேண்டும். அதுவும் எழுதியவர் கணினியின் கடிகாரம் எத்துணை மெய்யோ அத்துணையே மெய். கூட்டுப் பணியில் 'யார் முதலில் எழுதினார்' என்ற பூசல் எழுமாயின், வரிகளின் வரிசையைச் சான்றாகக் காட்டுவது ஒருவர்க்கு அநீதியாய் முடியும்.

இன்னும் ஒன்று. கருவி படத்தைச் சேமித்து வைப்பதில்லை. பதிவுகளின் பெற்றோரை மட்டுமே நினைவிற் கொண்டு, கேட்குந்தோறும் புதிதாய் வரைகின்றது. ஒரு கிளை வளருங்கால் மூலக்கிளை அசையாதிருந்தால், இணைக்கும்போது தனிப்பதிவு எழாது. பிரிந்த சுவடின்றிப் படம் ஒரே நேர்கோடாகும். 'ரீபேஸ்' என்னும் முறையால் பதிவுகளைப் பெயர்த்து வைத்தாலும் அவ்வாறே. நேர்கோடே தூய்மை என்று பலர் அதனை விரும்புவர். பாட ஆராய்ச்சிக்கு அது ஏற்றதன்று என்பது எம் துணிபு. ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், இன்ன ஏடு இன்னதைப் பார்த்து எழுதப்பட்டது என்ற குறிப்பில்லாத இடங்களில் பாடபேதங்களைக் கொண்டே உய்த்துணர வேண்டியிருந்தது. நாமோ அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழிப்பதா? இணைக்கும்போது 'நோ-எஃப்எஃப்' என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், கூடல் தனிப்பதிவாய் நிலைக்கும்.

தமிழில் குறிப்பெழுதினால் கோடுகள் சிதையுமோ என அஞ்சுவாரும் உளர். உயிர்க்குறிகளால் சில திரைகளில் எழுத்துக்களின் அகலம் பிறழ்வது மெய்யே. ஆயினும் படம் இடப்புறத்தே முதலில் வரையப்படுதலின், வலப்புறம் நிற்கும் தமிழால் அதற்கு யாதோர் ஊறும் நேராது.